கடைசியாக மிஞ்சும் கல்

கேமரன் மலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1885-இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டில்தான் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் பேராக்–பகாங் எல்லை மலைகளில் அலைந்து, மேலே பரந்த மேட்டுநிலம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அவர் பார்த்த இடம் எது என்று உறுதியாகக் காட்டும் வரைபடம் மிஞ்சவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் வருகை, தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை, 1929-இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் என்று கதை போகும். அளவையாளர், அதிகாரி, துரை, கம்பெனி. காலங்காலமாக அங்கே வாழ்ந்த செமாய் மக்களுக்கு ஒரு வரி. காட்டை அழித்துத் தேயிலை நட்ட தமிழர்களுக்கு அரை வரி.

அந்த வரலாறு பொய் இல்லை. ஆனால் அதில் மலை வெறும் திரைச்சீலையாக நிற்கிறது. மலையையே சாட்சிக்கூண்டில் ஏற்றினால் என்ன சொல்லும் என்று யோசித்தபோது எனக்குக் கிடைத்த சாட்சி ஒரு கல். திரிங்காப் பக்கம் சாலைக்காக வெட்டிய எந்தச் சரிவிலும் அதைப் பார்க்கலாம். சிவந்த மண் கையில் பொடிந்து உதிரும். அதற்குள் பால் நிறத்தில் ஒரு கோடு மட்டும் பொடியாமல் நிற்கும். பாடப்புத்தகம் அதைக் குவார்ட்ஸ் என்கிறது. சேலம் பக்கத்திலிருந்து வந்த என் பாட்டிக்கு அது வெங்கச்சாங்கல்.

“வெங்கச்சாங்கல்லு கரையாது சாமி. மண்ணு பூரா போனாலும் அது கெடக்கும்” என்பார் பாட்டி. இருட்டில் இரண்டு துண்டுகளை உரசினால் உள்ளே மின்னும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். ஊரிலிருந்து வரும்போது அவர்கள் கொண்டுவந்த சாமான்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மண்ணையும் கல்லையும் பற்றிய அறிவு மூட்டை கட்டாமலே கூட வந்திருக்கிறது. கடல் தாண்டி வந்து பார்த்தால் அதே கல் இங்கேயும் கிடந்தது.

அது எப்படி இங்கே வந்தது?

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு திதிவங்சா மலைத்தொடர். கேமரன் மலை அதன் ஒரு பகுதி. இன்றைய தீபகற்பத்தின் மேற்குப் பகுதியும் கிழக்குப் பகுதியும் ஒரு காலத்தில் வெவ்வேறு நிலத்துண்டுகள். நடுவில் கடல் இருந்தது. அவை நெருங்கி, கடல் மூடி, ஒன்றோடொன்று மோதின. அந்த மோதலின் தையல் இன்றும் பெந்தோங், ரவூப் ஊர்களின் வழியாக ஓடுகிறது. புவியியலாளர்கள் அதைப் பெந்தோங்–ரவூப் தையல் என்றே அழைக்கிறார்கள். மோதலில் நிலத்தோடு தடித்தது, அடியில் வெந்து உருகியது. உருகிய குழம்பு மேலே வர முயன்று, வெளியே வராமல், பூமிக்குள்ளேயே மெல்ல ஆறி இறுகியது. சுமார் 20 கோடி முதல் 22 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த கதை. அப்படி இறுகியதுதான் நாம் கருங்கல் என்று சொல்லும் கிரானைட். மேலே மூடியிருந்த பாறைகள் தேய்ந்து போன பிறகுதான் அது மலையாக வெளிப்பட்டது.

பாறைக் குழம்பு ஆறும்போது எல்லாக் கனிமங்களும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையை நார்மன் போவன் ஆய்வுக்கூட உலையில் வைத்துக் கண்டறிந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல் 1928-இல் வந்தது. இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கனிமங்கள் முதலில் உறைகின்றன. பிறகு ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்து குவார்ட்ஸ் ஆகிறது. கடைசிப் பந்திக்கு வந்தவன் காலியான இடத்தில் உட்காருவது போல, கிரானைட்டில் குவார்ட்ஸ் மற்றவற்றின் இடுக்குகளை நிரப்பிக்கொண்டு உட்காருகிறது. அதனால்தான் கருங்கல்லில் அதற்கென்று தனி உருவம் இருப்பதில்லை. சாம்பல் நிறக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். கிரானைட்டில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இதுதான்.

குழம்பு உறைந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கொதிக்கும் நீர், அதில் கரைந்த சிலிக்கா, வேறெந்தக் கனிமத்திலும் இடம் கிடைக்காத உலோகங்கள். இந்த நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து மேலேறும். ஏறும்போது சூடு தணியும், அழுத்தம் குறையும். தாங்க முடியாத சிலிக்காவை வெடிப்பின் சுவர்களில் படியவிடும். வெள்ளைக் கோடுகள் உண்டாவது இப்படித்தான். வெடிப்புக்குள் வெற்றிடம் கிடைத்தால் குவார்ட்ஸ் தன் சொந்த உருவத்தில், ஆறு பட்டைகளோடு கூர்நுனி வைத்துத் தெளிந்த படிகமாக வளரும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் கிடைத்த அத்தகைய தெளிந்த கற்களைச் சீவி மூக்குக்கண்ணாடி செய்தார்கள். பிரேசிலில் ஆள் உயரப் படிகங்களே கிடைத்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் வானொலிக் கருவிகளுக்கு அங்கிருந்துதான் குவார்ட்ஸ் கப்பலேறியது. அழுத்தினால் மின்சாரம் தரும் அதன் குணத்தைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டிருந்தார்கள். நம் மணிக்கட்டில் இருக்கும் சாதாரணக் கைக்கடிகாரத்துக்குள் விநாடிக்கு 32,768 முறை துடிப்பதும் இந்தக் கல்தான்.

மலேசியாவில் இதன் பெரிய உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூருக்கு வெளியே கிள்ளான் கேட்ஸ் போக வேண்டும். 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குவார்ட்ஸ் மதில் அது. இரண்டு பக்கமும் இருந்த கிரானைட் தேய்ந்து தாழ்ந்துவிட்டது. வெடிப்பை நிரப்பிய குவார்ட்ஸ் மட்டும் முதலை முதுகு மாதிரி எழுந்து நிற்கிறது. வெடிப்பு மலையாகிவிட்டது, மலை பள்ளமாகிவிட்டது.

இனி மனிதர்களுக்கு வருவோம். மலாயாவின் நவீன வரலாற்றைத் தொடங்கி வைத்தது ரப்பர் இல்லை, வெள்ளீயம். அந்த ஈயம் பிறந்த வீடு குவார்ட்ஸ் கோடுகள். கிரானைட்டின் விளிம்புகளில், மேலே சொன்ன கொதிநீர் குவார்ட்ஸோடு சேர்த்து ஈயத் தாதுவையும் விட்டுச் சென்றது. மலை தேய்ந்தபோது இரண்டும் சேர்ந்தே அடித்து வரப்பட்டுக் கிந்தா பள்ளத்தாக்கில் படிந்தன. ஈயத் தாது நீரைப்போல ஏழு மடங்கு கனம். குவார்ட்ஸ் இரண்டரை மடங்கு சொச்சம். டூலாங் தட்டில் மண்ணை அள்ளி நீரில் சுழற்றினால் கனமானது அடியில் தங்கும், குவார்ட்ஸ் மணல் விளிம்பு தாண்டி ஓடிவிடும். ஈய லம்பங்களின் தொழில்நுட்பம் எவ்வளவு பெரிய இயந்திரமாக வளர்ந்தாலும் அடிப்படை இந்தக் கைச்சுழற்சிதான். ஈயம் இங்கிலாந்துக்குப் போனது. ஈப்போவிலிருந்து கம்பார், தாப்பா வரை சாலையோரம் இன்றும் பரந்து கிடக்கும் வெள்ளை மணல்காடு, அதிலிருந்து கழித்து வீசிய குவார்ட்ஸ்.

மலையின் கிழக்குப் பக்கம், பகாங்கில், ஈயத்துக்குப் பதில் தங்கம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்லியம் பிபி 1889-இல் ரவூப்பில் சுரங்கம் தொடங்கினார். நிலத்துண்டுகள் மோதிய அந்தத் தையலை ஒட்டிய குவார்ட்ஸ் கோடுகளில்தான் அங்கே தங்கம் இருந்தது. அந்தச் சுரங்கத்துக்காக 1900-இல் செம்பாம் ஆற்றில் கட்டியதே மலாயாவின் முதல் நீர்மின் நிலையம். 1961-இல் சுரங்கம் மூடப்பட்டது.

குவார்ட்ஸிலிருந்து தங்கம் எடுக்கும் வேலை என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவு வரவேண்டியது கோலார். மைசூர் சமஸ்தானத்தில் இருந்தாலும் அது தமிழ் உழைப்பாளிகளின் ஊர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001-இல் மூடியது வரை வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து மக்கள், பெரும்பாலும் தலித்துகள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் குவார்ட்ஸை வெடிவைத்து உடைத்தார்கள். அதே காலத்தில் அதே மாவட்டங்களிலிருந்து இன்னொரு கூட்டம் கங்காணிகளின் பின்னால் கப்பலேறி மலாயா வந்தது. ஒரே பஞ்சம், ஒரே சாதிக் கொடுமை. ஒரு வீட்டில் அண்ணன் கோலாருக்கும் தம்பி மலாயாவுக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது.

கோலாருக்குப் போனவர்களுக்கு அந்தக் கல் கொடுத்த கூலி வேறு. குவார்ட்ஸ் தூள் கண்ணுக்குத் தெரியாத நுண்மையில் மூச்சோடு உள்ளே போகும். நுரையீரலால் அதைக் கரைக்க முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு பெருகப் பெருக மூச்சு சுருங்கும். சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக மருத்துவ உலகில் பதிவானது 1934-இல், கோலாரில்தான். “கரையாது சாமி” என்று பாட்டி சொன்ன அதே குணம். மலைமேல் அது அழகு. நெஞ்சுக்குள் அது எமன்.

இந்த இடத்தில் இன்னொரு கல்லைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. தென் தாய்லாந்தில், இதே தீபகற்பத்தின் வடக்கே, கிராபி மாநிலத்தில் குலோங் தொம் என்ற இடத்தில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்று மதிக்கிறார்கள். பத்தர் என்றால் பொற்கொல்லர். உரைகல்லாகப் பயன்படும் கறுப்புக் கற்கள் பொதுவாக மிக நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள் இறுகி உண்டானவை. தங்கத்தைவிடக் கடினமாக இருப்பதால்தான் தங்கம் அதில் கோடு விட்டுச் செல்கிறது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் குவார்ட்ஸையும் மற்ற மணிக்கற்களையும் பட்டை தீட்டிய பட்டறைகளைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. கல்லின் குணம் தெரிந்த கைகளில் ஒன்று அன்றே கடல் தாண்டித் தன் தொழில் கருவியில் பெயரை வெட்டி வைத்திருக்கிறது.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நிலப்பகுதிக்கு வந்த ஒரு தமிழரின் பெயர் நமக்குத் தெரிகிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலையேறியவர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்? பெரட்டில் தினமும் பெயர் கூப்பிட்டார்கள், செக்ரோலில் எழுதினார்கள். ஆனால் செக்ரோல் கம்பெனியின் காகிதம். கரையான் தின்றால் போயிற்று. பெரும்பதன் தன் கருவிக்குச் சொந்தக்காரர், அதனால் பெயரை வெட்ட முடிந்தது. தோட்டத்து ஆளுக்குக் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் இருந்தன. நிலமோ வீடோ இல்லை. பெயர் மிஞ்சுவதற்கு எழுத்து மட்டும் போதாது, எழுதி வைக்க ஓர் இடம் சொந்தமாக வேண்டியிருக்கிறது.

தேயிலைக்கு ஏன் இந்த மலை? இந்திய, இலங்கை அனுபவத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் உயரத்தையும் குளிரையும் மழையையும் பார்த்தார்கள். அடியில் நடந்த வேலையைச் செய்தது கிரானைட். வெப்பமண்டல மழையில் கிரானைட் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மக்கிப் போகிறது. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது, மைக்கா துருவாகிச் சிவக்கிறது, சுண்ணாம்புச் சத்து கழுவப்பட்டு மண் புளிப்பேறுகிறது. தேயிலைக்கு வேண்டியது அந்தப் புளிப்பு மண்தான். குவார்ட்ஸ் மட்டும் மாறுவதில்லை. மண்ணுக்குள் பருமணலாக நின்று நீர் வடிய வழி செய்கிறது. சாமுவேல் கோல்டிச் 1938-இல் எழுதிய கட்டுரையில், கனிமங்கள் மக்கும் வரிசை போவன் சொன்ன வரிசைதான் என்று காட்டினார். அதிக வெப்பத்தில் முதலில் உறைந்தது முதலில் மக்குகிறது. கடைசியாகப் பிறந்த குவார்ட்ஸ் கடைசி வரைக்கும் நிற்கிறது.

அதே 1938-இல்தான் மலாயாவுக்குத் தோட்டக்கூலிகள் அனுப்பப்படுவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அதற்குப் பின் தோட்டங்களில் இருந்தவர்கள்தான் தோட்டத் தமிழர்கள்.

இன்று திரிங்காப்பில் நிற்பவருக்குத் தேயிலையைவிட அதிகம் தெரிவது காய்கறித் தோட்டங்களும் அவற்றின் பிளாஸ்டிக் கூரைகளும். கோஸ், தக்காளி, கீரை, பூ. சிங்கப்பூர் வரைக்கும் போகும் காய்கறி. இரண்டு பயிர்களையும் மண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் புரியும். தேயிலை ஒரு முறை நட்டால் பல பத்தாண்டு நிற்கும் செடி. அதன் தலை ஒன்றோடொன்று சேர்ந்து கம்பளம் போல் சரிவை மூடும், வேர் பிடித்துக்கொள்ளும். நடும்போது காடு அழிந்தது உண்மை. ஆனால் நட்டபின் மண் ஓரளவு அடங்கும். காய்கறி நிலத்தை ஆண்டுக்குப் பல தடவை கிளற வேண்டும். கூரையில் விழும் மழை மண்ணில் இறங்காமல் ஒரே வீச்சாகக் கால்வாயில் பாயும். புதிதாக வெட்டித் தட்டையாக்கிய சரிவில் மழை பட்டால் செந்நீர்தான். இதற்காகக் காய்கறிக்காரரைத் திட்டிவிட்டு நகர முடியாது. நாட்டின் சந்தைக்கு மலிவான காய்கறி வேண்டும், அந்தத் தோட்டங்களில் பல தற்காலிக உரிமத்தில் இருக்கும் நிலங்கள். நாளைக்கு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் மண்ணை நூறு வருஷக் கணக்கில் பார்க்க மாட்டார்.

அந்தச் செந்நீர் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் சாட்சி மறுபடி பேசும். திரிங்காப்பின் ஓடைகள் தெலோம் ஆற்றைச் சேருகின்றன. தெலோம் இயல்பாகக் கிழக்கே ஜெலாயில் கலந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியது. 1960களின் முற்பகுதியில் கேமரன் மலை நீர்மின் திட்டம் வந்தபோது அதன் நீரைச் சுரங்க வழியாகப் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பினார்கள். பெர்த்தாம் நீரை ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை தேக்குகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்க வழி, மலையின் மறுபக்கம், பேராக்கில் நிலத்தடியில் இருக்கும் 100 மெகாவாட் சுல்தான் யூசுப் மின்நிலையத்துக்குப் போகிறது. கிழக்குக் கடலுக்குப் போகவேண்டிய நீர் மேற்கே மலாக்கா நீரிணைக்கு இறங்குகிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பையே துளைத்த வேலை.

நீர் போய்விடும். நீரோடு கலந்த மெல்லிய களிமண்ணிலும் ஒரு பங்கு போய்விடும். கனமான மணல் ஏரியின் நின்ற நீரில் இறங்கி உட்கார்ந்துவிடும். அந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். 60 லட்சம் கன மீட்டருக்குச் சற்று மேல் கொள்ள வேண்டிய ரிங்லெட் ஏரி, எதிர்பார்த்ததைவிட வேகமாக மேடிட்டது. தூர்வாருவது ஓயாத வேலையாகிவிட்டது. ஏரியில் இடம் குறைந்தால் பெருமழை நாளில் தேக்கி வைக்க வழி குறையும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில், அடைமழைக்குப் பின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்த வீடுகளில் புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகளும் வண்டிகளும் சேற்றில் புதைந்தன. மழை, திறப்பு, எச்சரிக்கை, ஆற்றோரம் நெருக்கிக் கட்டிய வீடுகள் என்று காரணங்களைப் பேசினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், மேலே ஒவ்வொரு சரிவிலிருந்தும் ஒவ்வொரு மழைக்கும் பிடி பிடியாகக் கிளம்பிய மணல் இருக்கிறது.

இங்கே வரலாறு என்பது பழைய கதையாக மட்டும் இல்லை. கொதிநீர் விட்டுச்சென்ற குவார்ட்ஸ், கிந்தாவில் ஈயத்துக்காகக் கழித்து வீசப்பட்டது. கோலாரில் நெஞ்சுக்குள் போனது. ரிங்லெட்டில் நீருக்கடியில் குவிகிறது. எந்த இடத்திலும் கல்லின் குணம் மாறவில்லை. லாபம் ஒரு பக்கம் போக, மிச்சம் எங்கே, யார் தலையில் இறங்கியது என்பதைத்தான் அது காட்டுகிறது. கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் இந்த மிச்சத்துக்குப் பத்தி கிடையாது.

இன்று தேயிலைக் காட்டிலும் காய்கறிக் காட்டிலும் குனிந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். லயத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களின் பெயரும் ஏதோ ஒரு கம்பெனிக் காகிதத்தில்தான் இருக்கும்.

திரிங்காப் போகிறவர்கள் ஸ்டிராபெரி வாங்கும் நேரத்தில் ஒரு ஐந்து நிமிஷம் இதையும் பார்க்கலாம். மழை விட்டதும் ஒரு சரிவின் அருகே போய்க் குனிந்து பாருங்கள். மேல்மண் கறுப்பாக, இலைதழை கலந்து, விரலில் ஒட்டினால் அந்த நிலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலே வெறும் வெள்ளைப் பருமணல் கழுவி வைத்தாற்போல் பளிச்சென்று பரவிக் கிடந்தால், அதனுடன் இருந்த மண் போய்விட்டது என்று அர்த்தம். போக முடியாத கனத்தினால் அது மட்டும் நிற்கிறது. அடுத்த பெருமழையில் அதுவும் தெலோமுக்கு இறங்கும்.